கார்ப்போவின் துப்பாக்கியில் அடுத்தவன் கொக்கி

ருஸ்திகோ எங்கள் குடும்பத்துக்கு மாப்பிள்ளையாக வந்தபோது கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி, இஸ்திரி போட்ட இரண்டு வெள்ளைச் சட்டை, வாய் நிறையப் பேச்சு. வேறு ஒன்றும் இல்லை. என் கொழுந்தன் தேர்யோவின் மகள் ஃபெலிசா மணிலாவுக்கு வீட்டுவேலைக்குப் போனவள். திரும்பி வரும்போது இவனையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் தானாவ் படகுத்துறையில் இறங்கினாள். வயிறு அப்போதே கொஞ்சம் தெரிந்தது.

"இது யாருடி?" என்று கேட்டேன்.

"என் புருஷன், நாங்."

"கல்யாணம் எப்ப?"

"நீங்க சொல்ற நாள்ல."

நாங் பாசிங் என்றுதான் ஊரே என்னைக் கூப்பிடும். மூத்தவளுக்குக் கொடுக்கிற மரியாதை அது. வயசுக்கு மட்டும்தான் மரியாதை, வாய்க்கு இல்லை.

ருஸ்திகோ மணிலா பக்கம் ஒரு பிஸ்டல் ஃபேக்டரியில் வேலை பார்த்தவன். அதைக் கேட்டதும் தேர்யோவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கொல்லையில் நடக்கிற வேலையும் அதுதானே. என் புருஷனும் அந்த மாமரத்தடிப் பட்டறையில் உட்கார்ந்து பிஸ்டல் செய்தவன்தான். கை நல்ல கை, குடி கெட்ட குடி, போய்ச் சேர்ந்தான். அவன் இடம் காலியாகக் கிடந்தது. அதில் ருஸ்திகோவை உட்காரவைத்து தேர்யோ அரத்தைக் கையில் கொடுத்தான். ருஸ்திகோ அதைத் தேங்காய் துருவுகிறவள் மாதிரிப் பிடித்தான்.

"ஃபேக்டரியில அரமே கிடையாதா தோங்?" என்றான் தேர்யோ. தோங் என்றால் எங்களுக்குத் தம்பி மாதிரி. அன்றைக்கு அதில் பாசம் இருந்தது.

"எதுக்குப்பா அரம்? மெஷின் வெட்டிக் குடுத்துடும். நாங்க எடுத்துப் பூட்டுவோம். ஒரு தட்டுல குழல், ஒரு தட்டுல குதிரை, ஒரு தட்டுல கொக்கி. கண்ண மூடிட்டு எடுக்கலாம். எதை எடுத்தாலும் எதோடயும் சேரும்."

தேர்யோ துப்பினான். "எவனோட வேணாலும் சேர்றவளுக்கு எங்க ஊர்ல வேற பேரு."

"சிரிங்கப்பா. ஃபேக்டரி பிஸ்டல்ல ஒரு சாமான் ஒடைஞ்சா கடையில வாங்கி மாட்டிக்கலாம். உங்க பிஸ்டல்ல ஒரு சாமான் போனா உங்களத்தான் தேடி வரணும். நீங்க செத்துட்டா?"

"செத்துட்டா அதுவும் செத்துப்போகட்டும்."

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் இந்தச் சாமானோடு ஒரு ஆயுசு வாழ்ந்திருக்கிறேன். எங்கள் பிஸ்டலில் ஒவ்வொன்றையும் அதன் ஜோடியோடு வைத்துத்தான் தேய்ப்பார்கள். தேய்த்து, மாட்டி, கழற்றி, மறுபடி தேய்த்து, அது இதற்குள் உட்காருகிற வரைக்கும் விடமாட்டார்கள். உட்கார்ந்துவிட்டால் அப்புறம் வேறு எதோடும் அது குடும்பம் நடத்தாது. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஃபேக்டரிக்காரன் எண் அடிப்பான். நாங்கள் ஒரு கோடு கூடப் போடமாட்டோம். எண்ணும் கோடும் போலீஸ்காரன் படிப்பதற்கு. செய்தவனுக்கு எதற்கு?

ஊர் அவனுக்கு உடனே பேர் வைத்துவிட்டது. ஃபேக்டரி. கள்ளுக்கடை வழியாகப் போனால் போதும்.

"ஏ ஃபேக்டரி, ராத்திரியில ஏதாச்சும் கழண்டு விழுந்தா மணிலாவுலேர்ந்து ஸ்பேர் வருமா?"

"வரும் நோங். உங்களுக்கும் ஒண்ணு சொல்லிவிடவா? உங்களுது துரு பிடிச்சிருக்கும்னு உங்க வீட்டம்மா சொல்றாங்க."

நோங் என்றால் எங்களுக்கு அண்ணன். அவன் பதில் சொல்வதில் சளைக்கமாட்டான். அதனாலேயே எனக்கு அவனைப் பிடித்தது. ஆனால் பட்டறையில் தேர்யோ அவனிடம் அரம் கொடுப்பதை நிறுத்திவிட்டான். துடைக்கிற வேலை, எண்ணெய் போடுகிற வேலை, கூட்டுகிற வேலை. வளர்ந்த ஆண்பிள்ளைக்கு அது போதுமா? அவன் வெளியே சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

அந்த வருஷத் திருவிழாவுக்கு முன்னால் கார்ப்போ ஒரு பிஸ்டல் சொல்லியிருந்தான். கார்ப்போ எங்கள் ஊர்ப் பெரியவீட்டுக்காரரோடு நிழல் மாதிரி நடக்கிற ஆள். அவர் காரில் ஏறினால் இவன் கதவைச் சாத்துவான். அவர் யாரையாவது முறைத்தால் இவன் அந்த ஆளை அடிப்பான். ஆள் மலை மாதிரி, விரல் மட்டும் கட்டை. கடையில் விற்கிற எந்தத் துப்பாக்கியும் அவன் பிடிக்கு அடங்கவில்லை. சின்னப் பையன்கள் அப்பன் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி அவன் கையில் அது ஆடும். பின்னால் நின்று சிரிப்பார்கள், முன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

தேர்யோ என்ன செய்தான்? கோவில் மெழுகுவர்த்தி மிச்சத்தை உருக்கி உருண்டையாக்கி, "அழுத்திப் பிடிங்க" என்றான். கார்ப்போ பிடித்தான். அந்த மெழுகு அச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எருமைக் கொம்பில் கைப்பிடி இழைத்தான். விசையை விரல் எட்டுகிற தூரத்துக்குக் கொண்டுவந்தான். தோட்டாவின் பின்னால் அடிக்கிற சுத்திதான் குதிரை. அதை இழுத்து நிறுத்துகிற கொக்கி நகத்தளவுதான் இருக்கும். அதைத் தேய்க்கும்போது மூச்சுக்கூட விடமாட்டான். குதிரை அதில்தான் தொங்கிக்கொண்டு நிற்கும். அது பிடியை விட்டால் விசையைத் தொடாமலே வெடிக்கும்.

திருவிழாவுக்கு முந்தின நாள் தேர்யோ கண் காட்ட செபு நகரத்துக்குப் போனான். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. பட்டறையில் அரை டஜன் பிஸ்டல் முடிந்து, பூட்டி, துணி சுற்றித் தயாராக இருந்தது. "எண்ணெய் காயாமப் பாத்துக்க" என்று ருஸ்திகோவிடம் சொல்லிவிட்டுப் போனான். கலக்காதே என்று சொல்லவில்லை. யாராவது கலப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. சோற்றைக் காதில் வைக்காதே என்று யாராவது சொல்லிவிட்டுப் போவார்களா?

அன்றைக்கு மழை. கூரை ஒழுகிற்று. உப்புக் காற்று வேறு. துணி நனைந்து, பிஸ்டல் மேலெல்லாம் சிவப்புப் புள்ளி பூக்க ஆரம்பித்துவிட்டது. ருஸ்திகோ பதறிவிட்டான். மாமனார் வந்து பார்த்தால் துடைக்கிற வேலைக்கும் லாயக்கில்லை என்பார். எல்லாவற்றையும் ஆணி ஆணியாகக் கழற்றினான். மண்ணெண்ணெயில் கழுவினான். சாக்கை விரித்து, குழலெல்லாம் ஒரு வரிசை, குதிரையெல்லாம் ஒரு வரிசை, கொக்கியெல்லாம் ஒரு வரிசை என்று பரப்பிக் காயவைத்தான். ஃபெலிசா பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டாளாம். ஃபேக்டரி மாதிரியே இருந்ததாம்.

விடிந்தால் திருவிழா. நான் இருட்டோடு எழுந்து சேவல்கட்டுக் களத்துக்குப் போய் அடுப்பு மூட்டிவிட்டேன். அங்கேதான் என் கடை. ஓலைப் பொட்டலச் சோறு, சுட்ட பன்றிக்கறி, குச்சியில் குத்திய சர்க்கரை வாழைக்காய். நான் இல்லாத நேரத்தில் கார்ப்போ எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். "என்னோடது எங்கடா?" ருஸ்திகோ அந்தக் கட்டைக் கைப்பிடி உடம்பை எடுத்தான். வரிசைக்கு ஒன்றாக எடுத்துப் பூட்டினான். எல்லாம் உட்கார்ந்தது. குதிரையை இழுத்தான், நின்றது. கார்ப்போ கொல்லையில் போய்த் தென்னைமரத்தில் சுட்டுப் பார்த்தான். பட்டது. அவனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ருஸ்திகோவின் கன்னத்தைத் தட்டி, "ஃபேக்டரியா இருந்தாலும் பரவால்லடா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மத்தியானம் சோறு தீர்ந்துவிட்டது. அதை எடுக்க நான் வீட்டுக்கு வந்தேன். நான் வாசலில் கால் வைக்கவும் தேர்யோ ஜீப்னி வண்டியிலிருந்து இறங்கவும் சரியாக இருந்தது. கண்ணில் மருந்து விட்டுக் கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பியிருந்தார்கள். வழியெல்லாம் முட்டிக்கொண்டு வந்தான். வந்ததும் வராததுமாக, பூட்டி வைத்திருந்த ஒரு பிஸ்டலை எடுத்து மேல்மூடியை இழுத்தான். இழுத்த கை அப்படியே நின்றது.

"இது யார் வீட்டுப் பிள்ளை?" என்றான்.

ருஸ்திகோவுக்குப் புரியவில்லை. "நேத்து துரு பிடிச்சுதுப்பா. எல்லாத்தையும் கழட்டிக் கழுவிப் பூட்டிட்டேன்."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையும்."

"ஒண்ணு ஒண்ணாவா?"

ருஸ்திகோ விரித்திருந்த சாக்கைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் அப்போதுதான் விளங்க ஆரம்பித்தது. தேர்யோ திட்டவே இல்லை. தரையில் உட்கார்ந்து, கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், தடவித் தடவி எல்லாவற்றையும் பிரித்தான். கொக்கியையும் குதிரையையும் விரலில் வைத்து உரசிப் பார்த்தான். இது இதோடு, அது அதோடு. நான் சோற்றுக் கூடையைத் தூக்கிய கையோடு நின்றுகொண்டிருந்தேன். கடைசியாக ஒரு கொக்கியை மட்டும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"கார்ப்போவோட கொக்கி இங்க இருக்கு. அப்ப அவன் இடுப்புல இருக்கிறது யாருது?"

"காலைல சுட்டுப் பாத்தாருப்பா. நல்லா இருந்துதே" என்றான் ருஸ்திகோ. 

"நல்லாத்தான் இருக்கும். ஓரத்துல தொத்திக்கிட்டு நிக்குது. ஒரு குலுக்கு போதும். குண்டு போட்டு, குதிரைய இழுத்துச் சொருகிட்டுத்தான் அவன் திரிவான். வெடிக்காமத் தடுக்கிற பூட்டப் போடமாட்டான், அது பொம்பளைங்களுக்கும்பான்."

ஃபெலிசா ருஸ்திகோவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நீ போகாத. போய்ச் சொன்னீன்னா உன்னச் சுட்டுடுவான். அவனே வெடிச்சுக்கிட்டா அது அவன் தலையெழுத்து. யாருக்குத் தெரியப்போகுது?"

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய் இருக்காது. "அவன் தலையெழுத்து மட்டும் இல்லடி. ஜோவெலினக் களத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கான். மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கான். நான் பாத்துட்டுத்தான் வரேன்."

ஜோவெலின் கார்ப்போவின் மகள். பள்ளிக்கூடம் போகாத வயசு. தாய் இல்லாத பிள்ளை.

தேர்யோ எழுந்தான். எழுந்தவன் தண்ணீர்ப் பானையில் இடித்துக்கொண்டான். கண் தெரியாதவனை அந்தக் கூட்டத்தில் எங்கே அனுப்புவது?

"நான் பூட்டினதுப்பா, நானே போறேன்" என்றான் ருஸ்திகோ. சட்டையிலிருந்து ஃபெலிசாவின் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான்.

நானும் ஏறிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டுப் பெட்டியில் நானும் சோற்றுக் கூடையும், பின்சீட்டில் ருஸ்திகோ. கடைத்தெரு முனையில் புனிதர் ஊர்வலம் மறித்துவிட்டது. பேண்டு வாத்தியம், பூப்பல்லக்கு, வெள்ளை உடுப்புப் பிள்ளைகள். அதிர்வேட்டு போடும்போதெல்லாம் ருஸ்திகோவின் தோள் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு வேட்டும் அவனுக்குக் களத்திலிருந்து கேட்பது மாதிரி இருந்திருக்கும்.

"நாங், என்னன்னு சொல்றது அவர்கிட்ட?"

"உள்ளதச் சொல்லு."

"அவ்வளவு பேர் முன்னாலயா? புதுத் துப்பாக்கி ஓட்டைன்னா அவருக்கு மானம் போகும். மானம் போச்சுன்னா அவருக்குக் கண்ணு தெரியாது."

"காதுல சொல்லுடா. மைக்கிலயா சொல்லச் சொன்னேன்?"

"திருப்பி வாங்கிட்டுப் போறேன்னு பொய் சொல்லிப் பாக்கவா?"

"சொன்னா என்ன செய்வான்? இழுத்து உருவிக் கையில குடுப்பான். உருவுற இழுப்புல போயிடும்."

 இறங்கிச் சந்து வழியாக ஓடினோம். எனக்கு ஓடுகிற வயசா? கூடையை அங்கேயே விட்டேன்.

களத்து வாசல்காரன் ருஸ்திகோவைப் பார்த்ததும் விலகி வழி விட்டான். ஞாயிறு தவறாமல் வருகிறவன்தானே. உள்ளே பந்தயம் கூவுகிறவர்களின் சத்தத்தில் காது அடைத்தது. கார்ப்போ முன்வரிசையில் இருந்தான். ஜோவெலின் அவன் தொடைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். மண்ணில் சேவல் பாயும்போதெல்லாம் அவளும் குதித்தாள். குதிக்கும்போது அவள் குதிகால் அப்பன் வயிற்றில் இடித்தது. அந்த வயிற்றில்தான், சட்டைக்கு மேலே, எருமைக்கொம்புக் கைப்பிடி தெரிந்துகொண்டிருந்தது. குதிரை இழுத்தபடி நின்றது.

என் நாக்கு ஒட்டிக்கொண்டது. எனக்கு!

வழியில் உட்கார்ந்தவர்களை முழங்காலால் இடித்து ஒதுக்கிக்கொண்டு போனேன். "ஜோவெலின், கண்ணு, பாட்டியோட வா. சர்க்கரை வாழைக்காய் தரேன்."

"வேணாம்" என்றாள், குதித்துக்கொண்டே.

"அவள விடுங்க நாங்" என்றான் கார்ப்போ. "இவ மடியில ஏறினதுலேர்ந்து எனக்குத் தோல்வியே இல்ல. அதிர்ஷ்ட தேவதை. எறக்கமாட்டேன்."

சூதாடுகிறவனிடம் அதிர்ஷ்டத்தைப் பிடுங்குவது நாய் வாயிலிருந்து எலும்பை எடுப்பது மாதிரி. நான் குழந்தையின் முகத்தை உற்றுப் பார்த்தேன். "அடப் பாவி மனுஷா, பிள்ளைக்கு மூத்திரம் முட்டுதுடா! மூஞ்சியப் பாரு. அதான் இந்தக் குதி குதிக்குது. புது பேன்ட்ல விட்டாள்னா உன் அதிர்ஷ்டம் எந்தப் பக்கமா ஒழுகும்னு எனக்குத் தெரியும்."

பின்வரிசை சிரித்தது. கார்ப்போ பேன்ட்டைக் குனிந்து பார்த்தான். "எனக்கு முட்டல" என்று ஜோவெலின் கத்தினாள். அவன் அதற்குள் அவளை அக்குளில் பிடித்துத் தூக்கி என்னிடம் நீட்டிவிட்டான். நான் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நகர்ந்தேன். அவள் என் கன்னத்தைப் பிராண்டினாள். பிராண்டட்டும்.

காலியான இடத்துக்குப் பக்கத்தில் ருஸ்திகோ போய் உட்கார்ந்தான். நான் படிக்கட்டில் ஏறியதும் திரும்பிப் பார்த்தேன். அவன் கார்ப்போவின் காதருகே வாயை வைத்திருந்தான். கார்ப்போ தலையை ஆட்டினான், ஈ ஓட்டுவது மாதிரி. "அப்புறம்டா. இந்தச் சண்டை முடியட்டும்." உதட்டை வைத்தே எனக்குத் தெரிந்தது. ருஸ்திகோ மறுபடி குனிந்தான். கார்ப்போ அவனைத் தோளால் தள்ளினான்.

மண்ணில் சிவப்புச் சேவல் விழுந்தது. செத்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். திடீரென்று அது எழுந்து பாய்ந்து கறுப்பின் கழுத்தில் காலில் கட்டிய கத்தியைச் செருகியது. களமே எழுந்தது. கார்ப்போவும் கையை உயர்த்திக்கொண்டு துள்ளி எழுந்தான்.

ருஸ்திகோவின் கை பாய்ந்ததை நான் பார்த்தேன். கார்ப்போவின் இடுப்பில், துப்பாக்கியின் மேல், அப்படியே விழுந்து பிடித்தது.

அதைப் பார்த்தவர்களுக்கு என்ன தோன்றும்? கொல்ல வந்தவன் துப்பாக்கியைப் பிடுங்குகிறான் என்றுதான். கார்ப்போவின் முழங்கை ருஸ்திகோவின் வாயில் இறங்கியது. மறுபடியும் இறங்கியது. சட்டையெல்லாம் ரத்தம். பெரியவீட்டு ஆள் இன்னொருவன் பின்னாலிருந்து ருஸ்திகோவின் முடியைப் பிடித்து, கழுத்தில் கத்தியை வைத்துவிட்டான். ருஸ்திகோ கையை எடுக்கவில்லை.

"விடுடா!"

"மாட்டேன் நோங்."

"கைய வெட்டச் சொல்லுவேன், விடுடா!"

"வெட்டுங்க. கைய மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க. குனிஞ்சு பாருங்க நோங். ஒரு தடவை குனிஞ்சு பாருங்க."

என்னவோ, கார்ப்போ குனிந்து பார்த்தான்.

குதிரை விழுந்திருந்தது. விசையை யாரும் தொடவில்லை. அவன் துள்ளிய துள்ளலில் அதுவாக விழுந்திருந்தது. ஆனால் போய்ச் சேரவில்லை. ருஸ்திகோவின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சவ்வில் பல் மாதிரி இறங்கி நின்றது. தோட்டாவுக்கும் குதிரைக்கும் நடுவில் அந்தத் தோல்தான் இருந்தது. குழல் எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண்பிள்ளைகள் துப்பாக்கியை எங்கே செருகிக்கொள்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

கார்ப்போவின் முகம் வெந்த சேப்பங்கிழங்கு நிறத்துக்குப் போனது. அவன் பார்வை மடிக்குப் போனது, அப்புறம் களம் முழுக்க ஓடி என் இடுப்பில் இருந்த பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்தது.

அதற்கப்புறம் அவன் செய்ததுதான் கார்ப்போ. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது இல்லையா? வாய் விட்டுச் சிரித்தான். "குடிகாரப் பய! என் புதுப் பிஸ்டலைத் தொட்டுப் பாக்கணுமாம்! வாடா வெளிய, தொட்டுக் காட்டுறேன்!" கத்தி வைத்தவனைத் தள்ளிவிட்டு, ருஸ்திகோவின் மணிக்கட்டைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி நண்டுநடை நடந்து வெளியே வந்தார்கள். களம் கைதட்டியது. விசில் அடித்தார்கள்.

தோற்ற சேவல்களைப் பொசுக்குகிற கொட்டகைக்குப் பின்னால் யாரும் இல்லை. நான் குழந்தையை என் கடையில் உதவிக்கு இருந்தவளிடம் விட்டுவிட்டு ஓடினேன். கார்ப்போ இடுப்புவாரைத் தளர்த்தினான். துப்பாக்கியைத் தரையைப் பார்த்துத் திருப்பச் சொல்லி ருஸ்திகோ இடது கையால் காட்டினான். ஒவ்வொன்றாகச் சொன்னான், ஃபேக்டரியில் சொல்லிக்கொடுப்பார்கள் போல, நிதானமாக. குண்டெல்லாம் வெளியே வந்தது. குழலில் இருந்த கடைசிக் குண்டும் வந்தது. அப்புறம்தான் குதிரையை இழுத்துக் கையை எடுத்தான். ஒரு துண்டு தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

கார்ப்போ சேவல் இறகுமேல் உட்கார்ந்துவிட்டான். 

"தேர்யோ செஞ்சது இப்படியா?" என்றான்.

"அப்பா செஞ்சது சரிதான் நோங். நான்தான் எல்லாத்தையும் பிரிச்சு, மாத்திப் பூட்டிட்டேன். ஃபேக்டரியில மாறினாலும் தப்பில்ல. அந்த நெனப்புல செஞ்சுட்டேன்."

கார்ப்போ எழுந்து அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். நான் பொசுக்குகிற கொள்ளிக்கட்டையை எடுத்துவிட்டேன். "இன்னொண்ணு அடிச்சுப் பாரு, உன் புது பேன்ட்டோட சேத்துப் பொசுக்குறேன்!" அவன் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

அப்புறம் கேட்டான், "உள்ள போய் என்ன சொல்றது?"

"நீங்க என்ன சொல்லணுமோ சொல்லுங்க நோங்."

"என் துப்பாக்கி தானா வெடிக்கப் பாத்துதுன்னு சொல்ல முடியாதுடா. நாளைக்கு எவனும் என்னப் பாத்து வழி விடமாட்டான். தேர்யோகிட்டயும் எவனும் வரமாட்டான்."

"தெரியும்."

"நீ குடிச்சிருந்த. திருட வந்த. நான் பிடிச்சு அடிச்சேன்."

ருஸ்திகோ ரத்தத்தைத் துப்பினான். பல் ஒன்றும் சேர்ந்து வந்தது. "சரி" என்றான்.

"திருடனைக் களத்துக்குள்ள விட முடியாது. அதையும் நான்தான் சொல்லியாகணும். இல்லன்னா நம்பமாட்டானுங்க."

 உள்ளே அடுத்த சண்டைக்குக் கூவ ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சத்தம் வந்த பக்கம் ருஸ்திகோ தலையைத் திருப்பினான். அப்புறம், "சரி" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் தேர்யோ வாசலிலேயே கேட்டான். "குதிரை விழுந்துதா?"

"விழுந்துது. கையில வாங்கிட்டேன்."

தேர்யோ அந்தக் கையைப் பிடித்துக் காயத்தைச் சுற்றித் தடவினான், கொக்கியைத் தடவினது மாதிரியே.  ருஸ்திகோ சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்த துப்பாக்கியில் கார்ப்போவின் கொக்கியைப் போட்டு, மறுநாள் ஃபெலிசா கையில் கொடுத்து அனுப்பினான். கார்ப்போ அதை வாங்கி, சாகிற வரைக்கும் அதைத்தான் வைத்திருந்தான். ஆனால் அன்றிலிருந்து பூட்டுப் போட்டுத்தான் செருகினான். யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

ஊர் விட்டுவிடுமா? "ஃபேக்டரி, எங்க வீட்டுல ஒரு பிஸ்டல் இருக்கு, திருட எப்ப வர?" என்பார்கள். அவனும், "எண் அடிச்சிருந்தா வரேன், எண்ணில்லாத சாமானத் திருடுறது எனக்குப் பழக்கமில்ல" என்பான். சிரிப்பான். பல் போன சந்து தெரியும். தேர்யோ பக்கத்தில் இருந்தால் எழுந்து உள்ளே போய்விடுவான். வாயைத் திறக்க வழியில்லாதவனால் அதைத்தான் செய்ய முடியும். கார்ப்போ உயிரோடு இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று ருஸ்திகோ எங்கள் எல்லோரிடமும் வாக்கு வாங்கியிருந்தான். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடைப் பலகையில் வந்து உட்காருவான். களத்துச் சுவருக்கு வெளியே. சத்தத்தை வைத்தே எந்தச் சேவல் விழுந்தது, எது எழுந்தது என்று சொல்வான். பாதி சரியாக இருக்கும். அவன் பிள்ளைகள் பெரிதான பிறகு, அவர்கள் உள்ளே போய் வந்து அவனுக்குச் சொல்வார்கள்.

போன மழைக்காலத்தில் கார்ப்போ செத்தான். சர்க்கரை நோய், கட்டிலில், கால் எடுத்த பிறகு. ஜோவெலின்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். அடக்கம் முடிந்த ஞாயிறு, களத்தின் புது வாசல்காரன் என் கடைக்கு வந்து, "இனிமே யாரும் தடுக்கமாட்டாங்க நோங், உள்ள வாங்க" என்று ருஸ்திகோவைக் கூப்பிட்டான். அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனான். இரண்டு சண்டை முடிவதற்குள் திரும்பி வந்து, பலகையில் அதே இடத்தில் உட்கார்ந்தான்.

"என்னடா, அதுக்குள்ள?"

"முன்னாடி எல்லாப் பயலும் எந்திரிச்சு நிக்குறான் நாங். ஒண்ணும் தெரியல" என்றான். "இங்கேர்ந்தே நல்லாக் கேக்குது. ஒரு வாழைக்காய் குடுங்க."